ஓரெழுத்துச் சுருக்கர்

சோம்பேறிகளில் ராப்பகலாக உழைக்கிற இனம் ஒன்று உண்டு. அதன் பெயர் சுருக்கர். மென்பொருள் எழுதும் அலுவலகங்களில், ஜன்னலோர மேசைகளில் தென்படும்.

எழுதிய நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்துவைக்க அங்கே ஒரு கருவி இருக்கிறது. பழைய பதிப்புக்குத் திரும்பவும் அதுவே கதி. ஆனால் கட்டளைகளை முழுசாகத் தட்டவேண்டும். பத்து எழுத்தா? நம் சுருக்கருக்கு உடம்பு கூசியது. ஒரே எழுத்தாக்கினார். அடுத்த கட்டளையையும் ஆக்கினார். ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்தும் தீர்ந்து, எண்களும் தீர்ந்து, காற்புள்ளிவரை போனார். மிச்சமான நேரத்தில் என்ன செய்தார்? இன்னும் சுருக்கினார். வீட்டில் மனைவியிடம் "கா" என்றார். அரை டம்ளர் காப்பி வந்தது.

பக்கத்து மேசை அக்கா எதையும் முழுசாகத்தான் தட்டுவார். சுருக்கர் அவருக்கு 'மாட்டு வண்டி' என்று பெயர் வைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மணி பத்தே முக்கால். சுருக்கர் காலையில் ஏற்றிய புதிய பதிப்பால் வாடிக்கையாளரின் முன்பதிவுப் பக்கம் வெள்ளையாக நின்றது. பதினொன்றுக்கு அவரே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வருகிறார். உடனே நேற்றைய பதிப்புக்குத் திருப்பவேண்டும். அன்று பார்த்துச் சுருக்கரின் மடிக்கணினி உயிரை விட்டது.

அக்காவின் கணினியில் பாய்ந்து உட்கார்ந்து, பழைய பதிப்புக்குத் திருப்பத் தான் வைத்திருந்த 'இசட்' தட்டினார். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது திரை. அவருடைய சுருக்கங்களெல்லாம் உயிரை விட்ட மடிக்கணினிக்குள் இருந்தன. இன்னும் அழுத்தித் தட்டினார். அப்போதும் இல்லை. முதுகுக்குப் பின்னால் மேலாளர் மூச்சுவிடுவது கேட்டது.

"முழுக் கட்டளை என்ன?" என்றார் அக்கா.

"இசட்."

"அது நீங்க வெச்ச பேரு. அதோட பேரு என்ன?"

ஏழு வருடமாக அதை அவர் நினைத்துப் பார்த்ததேயில்லை. அக்கா நாற்காலியை வாங்கிக்கொண்டு, இரண்டே விரலால், ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகத் தட்டினார். பத்து ஐம்பத்தெட்டுக்குப் பக்கம் திரும்பி வந்தது.

சுருக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக நீளமாகப் பேசினார். "ரொம்ப நன்றிக்கா. நீங்க மட்டும் இல்லேன்னா இன்னிக்கு என் வேலை போயிருக்கும்."

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாளே புதிய மடிக்கணினியில் ஒரு சுருக்கம் செய்தார். 'அ' தட்டினால் அக்காவுக்குச் செய்தி போகும்: கொஞ்சம் வாங்க.

சிரிப்பது இருக்கட்டும். உங்கள் வீட்டாரின் தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள் பார்ப்போம். கைபேசியைத் தொடக்கூடாது. நிதானமாக யோசியுங்கள், மணி பத்தே முக்கால்தான் ஆகிறது.