பின்னறைக்கு வைத்த பூ

வில்
சுவிற்சர்லாந்து, 22 தை 1988

லோசானில் குளிரோடும் கோபத்தோடும் வசிக்கும் மைத்துனர் தில்லைநாதன் அவர்களுக்கு, அத்தான் இராஜசிங்கம் எழுதிக்கொள்வது. நானும் மகள் கலாவதியும் மருமகன் சிறீதரனும் நலம். உமது நலம் உமது கடிதத்திலேயே தெரிந்தது. சுகமில்லாத மனிதன் பேனையை அவ்வளவு அழுத்தி எழுத மாட்டான். மூன்று இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது.

நிற்க. "பொங்கலுக்குக் கூப்பிட்டு, ஐஸ் பெட்டிக்குள்ளை படுக்கவிட்டுப் பகிடி பாத்தனீங்கள், அக்காவின்ரை திவசத்துக்கும் இனி அந்த வாசல் மிதியன்" என்று எழுதியிருக்கிறீர். முப்பத்தாறு வருடமாக உமக்குப் பகிடி விட்டு வருகிறேன், மறுக்கவில்லை. எங்கள் கலியாண வீட்டில் உமது புதுச் செருப்பைக் கிணற்று வாளிக்குள் வைத்தது நான்தான். ஆனால் இந்த முறை அந்த வாளி இல்லை, நான் சுத்தவாளி.

நடந்ததைக் கேளும். நீர் படுத்த அந்தப் பின்னறையில் வேறு ஒருவரும் படுப்பதில்லை. அரிசி மூட்டையும் சூட்கேசும்தான் குடியிருக்கின்றன. அதனால் அங்கே ஹைற்சுங்கை, அதுதான் சுவரோடு நிற்கிற சூடாக்கும் இரும்பை, சிறீதரன் நிறுத்தியே வைத்திருக்கிறார். நீர் வாறீர் எண்டதும் நான் போய்க் கேட்டன். "மாமா, அரிசிக்கு என்ன குளிரோ? ஒரு நாள் படுக்கிற ஆளுக்கு முழு அறையையும் கொதிக்க வைக்கேலாது. கன செலவில்லாமல் நீங்களே ஏதும் செய்யுங்கோ" எண்டார். செலவில்லாமலாம்! குளிர் மட்டும் செலவில்லாமல் வருது, அதைத் துரத்திறதும் செலவில்லாமல் நடக்கவேணுமாம்.

சரியெண்டு, பொங்கலண்டு காலமை அவர் வேலைக்குப் போனதும் நானே அந்த இரும்பின்ரை குமிழைப் பாத்தன். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு எண்டு நம்பர் கிடக்கு. அதுகளோடை சேராமல் தனிய, பெரிய மனிசர் மாதிரி, ஒரு பூ. ஆறு இதழ். எனக்கு உடனை விளங்கீட்டுது. நம்பர் வீட்டாக்களுக்கு, பூ விருந்தாளிக்கு. உம்மை நான் அஞ்சிலை வைக்கேல்லை காணும், பூவிலை வச்சனான்! அப்பிடி வச்சும் இரும்பு செத்த பாம்பு மாதிரிக் குளிர்ந்துபோய்க் கிடந்தால் அது என்ரை குற்றமோ? இந்த நாட்டு இரும்பின்ரை குற்றம்.

அதை நம்பி நான் சும்மா இருந்தனானோ எண்டால், அதுவும் இல்லை. மேல்வீட்டுச் சுவிஸ் கிழவி முதலே ஒரு வழி காட்டியிருந்தவ. செரிப்பழக் கொட்டை நிரப்பின துணிப்பை ஒண்டைப் போறணையிலை சூடாக்கிக் காலுக்குக் கீழை வைக்கிறவவாம். செரிக்கு நான் எங்கை போக? கலாவதி கறிக்குக் கரைச்சுப்போட்டு எறியிற புளியங்கொட்டையை ரெண்டு கிழமையாய்ப் பொறுக்கிக் கழுவிக் காயவச்சு, சிறீதரனின்ரை தடிச்ச கால்மேஸுக்குள்ளை கட்டி, மத்தியானம் நீர் சாப்பிட்டுப்போட்டுக் கட்டிலிலை சரியேக்கை போறணைக்குள்ளை வச்சன். அது வெடிக்குமெண்டு ஆர் கண்டது? படார் படார் எண்டது உண்மை. நீர் ஊரிலை விழுற ஷெல் எண்டு நினைச்சுக் கட்டிலுக்குக் கீழை பூந்ததும் உண்மை. அதைப் பாத்து நான் சிரிச்சனெண்டு எழுதியிருக்கிறீரே, அது பச்சைப் பொய். நான் எங்கை பாத்தது? நான் குசினி மேசைக்குக் கீழை கிடந்தனான்.

பிறகு நீர் நடுங்கினீர். இரக்கப்பட்டு ஒரு போத்திலிலை சுடுதண்ணி விட்டு உம்மடை போர்வைக்குள்ளை வச்சன். மூடி கழண்டது மூடியின்ரை பிழை. கலாவதி வந்து நனைஞ்ச மெத்தையையும் உம்மையும் பாத்து, "மாமா, இதை டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?" எண்டு கேட்டது பிள்ளையின்ரை பரிவு. "அத்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" எண்டு எழுதுறீர். சொல்லத்தான் வாயைத் திறந்தன். உம்மடை முகத்தைப் பாத்தன். திரும்ப மூடீட்டன். அவ்வளவுதான் நான் செய்தது. அதுக்குப்போய் மப்ளரைக் காதோடை கட்டிக்கொண்டு, தேத்தண்ணியும் குடியாமல் நாலு மணி ரயிலிலை ஓடுறதோ?

திவசத்துக்கு வரமாட்டீராம். வராட்டில் ஆருக்கு நட்டம்? புனிதவதி எனக்குப் பெண்சாதி எண்டால் உமக்குக் கூடப்பிறந்த அக்கா. படைச்சு முடிச்சால் அவளைப் பற்றிக் கதைக்க எனக்கு இஞ்சை ஆர் இருக்கினம்? கலாவதி தொடங்கமுதல் அழுதுபோடுவாள். சிறீதரன் மாமியைப் போட்டோவிலைதான் கண்டவர். அவள் என்னைப் பேசுற மாதிரி, அதே மூக்காலை, அதே இழுவையோடை பேச இந்த நாட்டிலை நீர் ஒராள்தான் இருக்கிறீர். அதையும் ரயிலேத்திக் கொண்டுபோயிட்டீர். ஆனபடியால் மன்னிப்புக் கேக்கவேண்டியது நீர்தான். எழுத்திலை கேளும். தாளைக் கிழிக்காமல் எழுதும்.

மாசி ஆறாந் திகதி, சனிக்கிழமை, திவசம். நல்லூர்க் கந்தன் உமக்கு நல்ல சுகத்தையும் கொஞ்ச நியாயத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
ஒரு குற்றமும் செய்யாத அத்தான்,
க. இராஜசிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல், அந்த இரும்பைப் பற்றி முறையிட ஹவுஸ்வார்ட்டை, அதுதான் இந்தக் கட்டடம் பாக்கிற மனிசனைக் கூட்டிக்கொண்டு வந்தன். கலாவதிதான் மொழிபெயர்ப்பு. பூவைக் காட்டி, "பூவிலை வச்சும் குளிருது, என்ன நாடு இது?" எண்டு கேக்கச் சொன்னன். மனிசன் என்னை வெளியிலை கூட்டிக்கொண்டு போய்த் தன்ரை கறுத்தக் கோட்டுக் கையை நீட்டினார். அதிலை ஒரு துளி பனி விழுந்து கிடந்தது. கண்ணாடியைப் போட்டுக் கிட்டப் பாத்தன். அதே பூ, தில்லை. ஆறு இதழ். குழாய் உறையாமல் பாக்கிற அளவுக்குத்தான் அந்த அடையாளமாம். ஆளுக்கில்லையாம்.

ஆகவே மேலை எழுதினதெல்லாத்தையும் நீர் எனக்கு எழுதினதெண்டு நினைச்சு வாசியும். மெத்தை விசயமும் கலாவதிக்குச் சொல்லீட்டன். குமிழை அஞ்சிலை வச்சிருக்கிறன், பின்னறை இப்ப யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதிரிக் கிடக்கு. சிறீதரனுக்கு இன்னும் தெரியாது. குசினியிலை மூண்டு நாளைக்குத்தான் அரிசி கிடக்கு. திவசம் வரைக்கும் பாத்துக்கொண்டிராமல், அவர் மூட்டை எடுக்க அந்தக் கதவைத் திறக்கமுதல் வாரும்.