தூசி அண்ணன் இறக்கி ஏற்றிய இன்ஜின்

திருப்பூரில் பனியன் துணியைக் கண்டாலே முகம் சுளிக்கும் ஒரே மனிதர் தூசி அண்ணன்தான். பெருமாநல்லூர் ரோட்டில் அவருக்கு ஒரு மெக்கானிக் ஷெட். இந்த ஊரில் எதைத் துடைப்பதற்கும் பனியன் வெட்டியதில் மிஞ்சும் துண்டுத் துணியைத்தான் எடுப்போம். அவர் ஷெட்டில் அதற்கு அனுமதி கிடையாது. பனியன் கம்பெனி நடத்தும் என்னை வாசலிலேயே நிறுத்தி, காற்றடிக்கும் ஹோஸால் தலையிலிருந்து கால் வரை ஊதிய பிறகுதான் உள்ளே விடுவார். பஞ்சு பறக்குமாம். அவர் போடுவதும் பாலியஸ்டர் சட்டைதான், சித்திரை வெயிலிலும்.

கம்பெனி தொடங்கியபோது வாங்கிய மூக்கு நீண்ட பழைய வேன் புகை கக்கிப் படுத்துவிட்டது. விற்க எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டுப் பாதி பூட்டியிருந்தார்.

அன்றைக்குப் பார்த்து என் மனைவி சாந்தாமணி டீ கொண்டுபோனாள். அவர் கை கழுவப் போன நேரத்தில், எண்ணெய் வழியக் கிடந்த இன்ஜினை நல்ல மனசோடு ஒரு துண்டுத் துணியால் பளபளவென்று துடைத்து வைத்தாள். திரும்பி வந்தவர் பூட்டியதையெல்லாம் கடைசி போல்ட் வரை கழற்றி, கழுவுவதற்கு டீசலில் போட்டார்.

"சுத்தம் பண்ணுனது தப்புங்களா?"

"நூலு ஒண்ணு ஆயில் ஓட்டையில போயி உக்காந்துச்சுன்னா, இன்ஜின் அதோட முடிஞ்சுதுங்க அம்மணி."

சாந்தாமணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "குடும்பத்தோட சிவன்மலைக்கு நிக்காம ஏறோணுங்க. நின்னுச்சுன்னா வண்டி நேரா காயலான் கடைக்குத்தான்" என்றாள். அண்ணன் அசரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னார்.

இன்ஜினை மறுபடி பூட்டி முடித்ததும் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போனோம். காங்கேயம் ரோட்டில் மொபெட்காரர்களெல்லாம் எங்களைத் தாண்டினார்கள். புது பிஸ்டன் போட்ட இன்ஜினை உடனே விரட்டக் கூடாதாம். மலையடிவாரத்தில்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன், "இப்ப மிதிங்க கண்ணு" என்றார். மிதித்தேன். இன்ஜினைவிட என் நெஞ்சுதான் அதிகமாக அடித்துக்கொண்டது. ஒரு குலுக்கல் இல்லை, திணறல் இல்லை. உச்சியில்தான் வண்டி நின்றது.

இன்ஜினை அணைக்க விடாமல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் அண்ணன். கண் கலங்கிவிட்டது. சட்டைக் கையால் துடைத்தார். பாலியஸ்டர் எங்கே ஈரத்தை உறிஞ்சும்? சாந்தாமணி பையிலிருந்து ஒரு பனியன் துண்டை எடுத்து நீட்டினாள்.

"இது இன்ஜின் இல்லீங்ணா. தொடச்சுக்குங்க."

வாங்கித் துடைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் டீ கொண்டுபோகும் சாந்தாமணி, அவர் கேட்காமலேயே ஷெட் வாசலில் நின்று, ஊதுவதற்குக் கைகளை விரித்துக் காட்டுகிறாள்.