அக்கா கல்யாண பேனரில் ஒரு செல்லப்பெயர்

நம்மை யாராவது பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது அவமானம். நாம் இன்னொருவரைக் கூப்பிட்டால் அது செல்லப்பெயர். இந்தச் சட்டத்தை நான் வெகுகாலம் மனமார நம்பியிருந்தேன்.

2009 வாக்கில் சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அறைத்தோழன் தோம்பா, மணிப்பூர்க்காரன். மூன்றே எழுத்துப் பெயர். (திருப்பாதிரிப்புலியூரை மூச்சு விடாமல் சொல்கிற வாய்க்கு இதுவா கஷ்டம்?) ஆனாலும் விடுதியே அவனை 'சீனா' என்றுதான் கூப்பிட்டது. பெயர் வைத்த புண்ணியவான் நான்தான்.

அப்போது ஒரு இன்டர்வியூவுக்காக டெல்லி போனேன். ஆட்டோக்காரர் என்னை 'மதராசி' என்றார். வேலை கிடைக்காததுகூட மறந்துபோனது, இது மறக்கவில்லை. அறைக்குத் திரும்பி ஒரு வாரம் பொங்கினேன்.

"நான் கடலூர்க்காரன்டா! மெட்ராஸுக்கும் எனக்கும் இன்னாடா சம்பந்தம்?"

தோம்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த மாதம் கடலூரில் அக்காவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் மேளம் இல்லாமல்கூடக் கல்யாணம் நடந்துவிடும், ஃப்ளெக்ஸ் பேனர் இல்லாமல் நடக்காது. நண்பர்கள் படங்களை வரிசையாகப் போட்டு, அடியில் பட்டப்பெயரை அச்சடிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். மண்டை, கொசு, நடுவில் சீனா.

கல்யாணத்தன்று, பேனர் கட்டிய மண்டப வாசலிலேயே தோம்பா தன் அப்பாவோடு வந்து இறங்கினான். மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவரைக் கையோடு அழைத்து வந்திருந்தான். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாதி சர்வீஸ் சீன எல்லையில், பனியில் நின்றவர். அவருடைய மகனைத்தான் நான் கொட்டை எழுத்தில் எல்லை தாண்டி அனுப்பியிருந்தேன்.

ஓடிப்போய் அந்த எழுத்தின்மேல் முதுகை ஒட்டிக்கொண்டேன். (அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது என் மூளைக்கு எட்டவேயில்லை.) பெரிய மாமா கத்தினார்.

"மாப்ள வந்து எறங்கிட்டாரு, நீ இன்னாடா இங்க ஒட்டிகினு நிக்கிற?"

பெரியவர் மகன் படத்தைக் கண்டு பூரித்துப்போய், என்னை மெல்ல ஒதுக்கினார். எழுத்தில் விரல் வைத்துத் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். தோம்பா என்னைப் பார்த்தான். இத்தோடு நட்பு முடிந்தது என்று நினைத்தேன்.

"தம்பி," என்றான் தமிழிலேயே. பிறகு அவருக்கு அர்த்தமும் சொன்னான்.

பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டார். "தம்பி! தம்பி!" என்று என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார்.

பந்தியில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் என் அப்பளத்தை எடுத்து அவன் இலையில் வைத்தேன். அவனே பேசினான்.

"டெல்லியில ஒன்ன ஒரே ஒரு தடவ சொன்னாங்க மச்சான். ஒரு வாரம் நீ தூங்கல. என்னையோ தெனமும் சொல்றீங்க. நான் மட்டும் நல்லா தூங்கறேன்னு நெனச்சியா?"

சொல்லிவிட்டு சாம்பார் வாளியைக் கூப்பிட்டான். முதலில் அப்பாவின் சந்தோஷத்தைக் காப்பாற்றி, என் மானத்தையும் காப்பாற்றி, அதற்குப் பிறகுதான் தன் கோபத்தை எடுத்தான். அதையும் யார் காதிலும் விழாமல் சொன்னான். அவனைப் போல ஒரு பெரிய மனுஷனை நான் இன்னும் பார்க்கவில்லை. விடுதியில் அதற்கப்புறம் எல்லோருக்கும் அவன் தோம்பாதான்.

அக்காவின் கல்யாண ஆல்பத்தில் வாசல் படம் எல்லாவற்றிலும் நான் பேனரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

"மாமா ஏம்மா உள்ளயே வரல?" என்று அக்கா மகன் கேட்பான்.

"ஒங்க மாமாவுக்கு அன்னிக்கி பார்டர்ல டூட்டிடா," என்பாள் அக்கா.