மூணு சுவரு போதும், தம்பி

நல்லது செய்யக் கிளம்பும்போதுதான் நான் மிகவும் ஆபத்தானவன். கெட்டது செய்கிற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. ஆனால் 'உதவி' என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போய் நிற்பேன். என் மனைவி வசந்தி இதை ஒரு வியாதி என்கிறாள். (மருந்து இன்னும் வரவில்லையாம்.)

எங்கள் மகள் தாரணி பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கத் தீவில், ஜார்ஜ் டவுனில். மூன்று வயது வரை வளர்ந்தது அதே தீவில், ஆயர் ஈத்தாமில் ஒரு சிறுவர் இல்லத்தில். அங்கிருந்துதான் அவளைத் தத்தெடுத்து, இந்தக் கரையில் எங்கள் ஊரான பிறைக்குக் கூட்டி வந்தோம். நடுவில் இருப்பது ஒரே ஒரு பாலம். அதைத் தாண்டி அந்த இல்லத்துக்குத் திரும்பப் போக எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. காரணம் பயம்தான். அங்கே போய் நின்றதும் 'இதுதான் என் வீடு' என்று பிள்ளைக்குத் தோன்றிவிட்டால் நான் என்ன செய்வேன்?

கடைசியில் அவளே கேட்டாள். "நா இருந்த எடத்தப் பாக்கணும்லா, அப்பா."

சும்மா போனால் எல்லார் முன்னாலும் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். கையில் ஒரு வேலை இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருப்பவனுக்கு வேலையா கிடைக்காது? சாப்பாட்டு அறைக்குப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று இல்லத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, இளம்பச்சையில் இரண்டு வாளி வாங்கிக் காரில் ஏற்றினேன்.

இல்லத்தை நடத்துவது பார்வதி அக்கா. சமையலும் அவர்தான். பதினெட்டுப் பிள்ளைகளும் அவரைப் 'பெரிம்மா' என்கிறார்கள். தாரணியைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டார். நான் சட்டென்று பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"பசியாறிட்டு ஆரம்பிங்க தம்பி," என்றார் பார்வதி அக்கா.

"வேலைதான் மொதல்ல, அக்கா."

"அப்ப சரி. மூணு சுவரு போதும் தம்பி. கதவுப் பக்கத்துச் சுவரு மட்டும் வேணாம்."

இங்கேதான் என் வளர்ப்பு என்னைக் கெடுத்தது. எங்கள் குடும்பத்துப் பந்தியில் 'வேணாம்' என்கிறவர் இலையில்தான் இரண்டாவது கரண்டி விழும். இலையைக் கையால் மறைத்தால் அப்பளமும் சேர்த்து வைப்போம். வேணாம் என்பது மரியாதை, கேட்காமல் வைப்பது அதைவிடப் பெரிய மரியாதை. ஆகவே, அக்கா கூச்சப்படுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

கூட வந்திருந்த வசந்தியும் தாரணியும் அக்காவோடு பின்கட்டில் சமையலில் இருந்தார்கள். மூன்று சுவரையும் மளமளவென்று முடித்தேன். நாலாவது சுவர் முழுக்கப் பென்சிலும் பேனாவுமாக ஒரே கிறுக்கல். பாவம், இத்தனை அசிங்கத்தையா தினமும் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள் என்று பிரஷ்ஷை நனைத்தேன்.

வாசலில் நின்ற ஒரு சின்னப் பெண் சொன்னாள். "அங்கிள், அந்தச் சுவரு வேணாம் அங்கிள்."

"பரவால்லமா, அங்கிளுக்குக் களைப்பே இல்ல."

"இல்ல அங்கிள், பெரிம்மா ஏசுவாங்க."

"நா சொல்லிக்கிறேன். நீ போயி வெளையாடு."

போய்விட்டாள். (பெரியவர்கள் சொன்னால் கேட்கும்படி அந்தப் பிள்ளைகளை அவ்வளவு நன்றாக வளர்த்திருந்தார்கள்.) இந்த வயதில் என்ன தன்மானம் என்று நெகிழ்ந்துபோய் இரண்டாவது பூச்சும் அடித்தேன். அப்போதும் ஒரு நீலப் பேனாக் கோடு மட்டும் எட்டிப் பார்த்தது. விடுவேனா? அதற்கென்று தனியாக இன்னொரு பூச்சு.

மத்தியானம் தாரணி போனும் கையுமாக வந்தாள். "அப்பா, உங்களுக்கு ஒண்ணு காட்டணும், வாங்க."

"நாந்தான் ஒனக்குக் காட்டணும்," என்று கதவை அகலமாகத் திறந்தேன்.

நேராக நாலாவது சுவரிடம் போனாள். "கோடு எங்கப்பா?"

"எந்தக் கோடு?"

பின்னால் வந்த பார்வதி அக்கா தலையில் கை வைத்தார். "கடவுளே! அது வேணாம்னு சொன்னேன்ல தம்பி!"

அப்புறம்தான் தெரிந்தது. இல்லத்துப் பிள்ளைகளைப் பிறந்தநாளன்று அந்தச் சுவரில் நிறுத்தி, தலைக்கு மேலே கோடு போட்டுப் பெயர் எழுதுவார்களாம். தாரணியின் இரண்டு வயதுக் கோடும் அங்கேதான் இருந்தது. எங்களிடம் வருவதற்கு முன்னால் எடுத்த போட்டோ ஒன்றுகூட அவளுக்குக் கிடையாது. அன்று காலையில்தான் அக்கா இதை அவளிடம் சொல்லியிருக்கிறார். அதன் பக்கத்தில் என்னோடு நின்று படம் எடுக்க ஓடி வந்திருக்கிறாள்.

"எனக்குன்னு அது ஒண்ணுதாம்ப்பா இருந்துச்சு," என்றாள். கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னாள்.

ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பச்சைதான் பரவியது. "இன்னும் மோசமாவுது அங்கிள்," என்றது ஒரு குரல். அப்படியே உட்கார்ந்தேன். உட்கார்ந்தது பெயிண்ட் வாளியின் மூடியில். யாரும் சிரிக்கக்கூட இல்லை.

பார்வதி அக்காதான் தாரணியை அருகில் இழுத்தார். "இங்க பாரு. நா கொழம்பு கிண்டுறப்பல்லாம் என் காலக் கட்டிக்கிட்டே நிப்ப. ரெண்டு வயசுல ஒன் தல இங்க இருக்கும்." இடுப்பெலும்பில் உள்ளங்கையை வைத்தார். "என் கைலியெல்லாம் ஒன் மூக்குச்சளிதான்." சொல்லிவிட்டு, கையை எடுக்காமல், காயாத சுவரில் போய் முதுகைச் சாய்த்தார். "ம், கோடு போடு."

தாரணி பென்சிலை வைத்து இழுத்தாள். ஈரப் பெயிண்டில் கோடு பள்ளமாகப் பதிந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போது எனக்கு வந்துவிட்டது. நான் முகம் பார்ப்பதற்கு முன்பே என் மகளைத் தூக்கிச் சுமந்த அந்த அக்காவுக்கு என்ன கைம்மாறு செய்தாலும் போதாது.

அதோடு விட்டாரா? இல்லத்தை விட்டுப் போனவர்கள் பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இவன் என் தோள், அவள் என் காது என்று ஒவ்வொருவரையும் தன் உடம்பிலேயே அளந்து வைத்திருந்தார். நினைவில் தவறிய பெயர்களும் இருக்கத்தான் செய்யும். அந்தப் பழி என்னுடையது. பிறகு இருக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சுவரில் சாய்ந்தார்கள். பதினெட்டுப் பச்சைத் தலைகள்!

கடைசியில் தாரணி என்னைக் கூப்பிட்டாள். "நீங்களும் வந்து நில்லுங்க." என் தலையில் ஸ்கேலைக் கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள். கோடு போட்டு, என் பெயரை எழுதாமல் 'அப்பா' என்று மட்டும் எழுதினாள்.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். வளர்கிற பிள்ளைகளுக்கு வசதியான உயரம். இப்போது அங்கே பெரிய பரீட்சையே அந்தக் கோடுதான். "இன்னொருத்தன் அப்பாவத் தாண்டிட்டான் தம்பி!" என்று பார்வதி அக்காவிடமிருந்து படம் வரும். வசந்தி அதைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவைப்பாள்.

மாதம் ஒருமுறை பாலம் தாண்டிப் போகிறோம். போன மாதம் தாரணியும் என்னைத் தாண்டினாள். "இனிமே நீங்க சின்னப் பிள்ளைங்க வரிசதாம்ப்பா," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதனால் சாப்பாட்டு அறையில் நான் ஐந்து வயதுப் பிள்ளைகளோடுதான் உட்கார்கிறேன். அந்த வரிசைக்குத்தான் முதலில் சோறு போடுவார்கள். நானும் சந்தோஷமாகத் தட்டை நீட்டுகிறேன்.