ஜவ்வு கண்ட சபை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் உலகம் கண்ட முன்னேற்றங்களை எழுதுகிறவர்கள் திருச்சிப் பாலக்கரை சுகாதார அபிவிருத்திச் சபையை விட்டுவிட்டால் அது சரித்திரமே ஆகாது. ஒரு சாக்கடை வெட்டுவதற்காக ஏற்பட்ட சபை அது. அவசரப்பட்டுச் சாக்கடையைத் திறந்துவிடாமல், முதலில் ஜனங்களின் அறிவைத் திறப்பதென்று தீர்மானித்த பெருந்தன்மை வேறு எந்தச் சபைக்கு உண்டு?

அந்தத் திறப்பு விழாவில் பேசும் பாக்கியம் டாக்டர் அற்புதசாமிக்குக் கிடைத்தது. பாலக்கரையில் கலர் கலராக மருந்துத் தண்ணீர் கொடுத்தே தலை நரைத்தவர். சபையில் ‘சுகாதார மேற்பார்வை டாக்டர்’ என்று சம்பளத்தோடு ஒரு பதவி காலியாக இருந்தது. பேச்சு நன்றாக அமைந்தால் பதவி. கோட்டை விட்டால் மறுபடியும் மருந்துத் தண்ணீர். தலைப்பு: ‘மூளையின் உறைகளும் வடிகால்களும்’.

விளக்கிக் காட்ட ஒரு மூளை வேண்டும். மனித மூளை திருச்சியில் கிடைப்பது அருமை. வைத்திருப்பவர்களும் இரவல் தருவதில்லை. டாக்டர் இறைச்சிக் கடை ஜெகபர் அலியிடம் போனார்.

“பாய், நாளைக்குச் சாயங்காலம் ஒரு ஆட்டு மூளை வேணும். முழுசா, சேதமில்லாம. பெரிய மனுஷங்க நிறைய பேர் வர்றாங்க. என் மானம் உங்க கையிலதான்.”

“காசெல்லாம் வேணாங்க டாக்டர். மழை பேஞ்சா தெருத் தண்ணி எங்க அடுப்பங்கரைக்குள்ள வந்துடுது. அந்தச் சாக்கடையைப் பத்திச் சபையில ரெண்டு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு!”

பெரிய மனுஷர்கள் வருகிறார்கள் என்றதும் ஜெகபர் அலியின் மனைவி சாரா பீவி பயபக்தியோடு உட்கார்ந்தாள். மூளையின் மேல் இருந்த ஜவ்வையெல்லாம் உரித்தாள். ரத்த நரம்பு ஒன்று விடாமல் ஊசி முனையால் எடுத்தாள். மஞ்சள் தண்ணீரில் அலசி, தட்டில் வைத்து மூடி அனுப்பினாள்.

சபைத் தலைவர் ஸ்ரீரங்கம் வக்கீல் வகுளபூஷணாச்சாரியார். மூளையைப் பார்ப்பதில்லை என்ற நிபந்தனையின் பேரில் தலைமை வகிக்கச் சம்மதித்தவர். கண்ணை மூடி, மூக்கில் மேல்வேஷ்டியை வைத்துக்கொண்டு, “ஆரம்பிக்கலாமே. நான் காதாலேயே சேவிச்சுக்கறேன்” என்றார்.

டாக்டர் தட்டைத் திறந்தார். மூளை குளித்து மஞ்சள் பூசிக்கொண்டு பளபளவென்று இருந்தது. அவர் பேசவேண்டிய விஷயம் முழுவதும் பாலக்கரையில் ஏதோ ஒரு பூனையின் வயிற்றில் இருந்தது. டாக்டர் தட்டை மறுபடி மூடப் பார்த்தார். பதவியை நினைத்துக்கொண்டார், பிரம்பை எடுத்தார்.

“மகாஜனங்களே! இதோ பாருங்கள், மேலே தோலைப் போலக் கெட்டியான உறை. அதன் கீழே, இதோ, சிலந்தி வலை போல ஓர் உறை. மூன்றாவது, மூளையோடு ஒட்டிய மெல்லிய ஜவ்வு. இந்தச் சிரைகள் மூளையின் கெட்ட ரத்தத்தைத் திரட்டி, மேல் உறைக்குள் ஓடும் பெரிய வாய்க்காலில் விடுகின்றன. அது பின்னந்தலையில் இறங்கி, கழுத்து வழியாக இதயத்துக்குப் போகிறது. ஒரு சொட்டு தேங்குவதில்லை!”

“முன் வரிசைக்குத் தெரியறதோ?” என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல்.

சாக்கடைக் காண்டிராக்டர் வீரமலை எழுந்தார். “பேஷாத் தெரியுதுங்க! மூணும் தெரியுது!”

“எங்களுக்கு நாலு தெரியுதுங்க!” என்றது பின் வரிசை.

“மூணே போதும்” என்று தலைவர் அடக்கினார்.

கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. கதவோரம் நின்ற ஜெகபர் அலி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு தட்டையே பார்த்தார். சாக்கடையைப் பற்றிய அந்த ரெண்டு வார்த்தை டாக்டருக்கு மறந்தே போயிற்று.

தலைவர் அவரைத் தனியே அழைத்தார்.

“டாக்டர்வாள், நடுவிலே ஒரு க்ஷணம் கண்ணைத் திறந்துட்டேன். அபசாரம். அதிலே ஒரு ஜவ்வும் இல்லையே?”

டாக்டர் பிரம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“பயப்படாதேயும். இந்த யோக்யதையைத்தான் சபை இத்தனை நாளாத் தேடிண்டிருந்தது. பாலக்கரைச் சாக்கடை, மூணு பூச்சுப் பூசி, ஊர் எல்லை வரைக்கும் முடிஞ்சுடுத்துன்னு ஒரு சர்ட்டிபிகேட் வேணும். வீரமலைக்குப் பட்டுவாடா பண்ணணும் பாரும்.”

டாக்டர் பேனாவைத் திறந்தார், மூடினார். பதவி உத்தரவைக் கண்டதும் மறுபடியும் திறந்தார். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே மழை. புதுப் பதவியின் முதல் மேற்பார்வைக்காக, கணுக்கால் அளவு தண்ணீரில், குடையோடு டாக்டர் ஜெகபர் அலி வீட்டு வாசலுக்கு வந்தார்.

“சாக்கடை என்னங்க ஆச்சு?” என்றார் ஜெகபர் அலி.

“முடிஞ்சாச்சு பாய். நீங்க அதுக்கு மேலதான் நிக்கிறீங்க. சபையே ஒத்துக்கிட்டாச்சு.”

கதவுக்குப் பின்னாலிருந்து சாரா பீவியின் குரல் வந்தது. “ரொம்பச் சந்தோஷங்க. பதவி கிடைச்சதுக்கு டாக்டருக்கு மூளை வறுவல் வச்சிருக்கேன். சாப்பிட்டுத்தான் போகணும்.”

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத டாக்டருக்கு நாக்கில் நீர் ஊறியது. பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூடிய தட்டு வந்தது. திறந்தார்.

“என்னம்மா, ஒண்ணுமே இல்லையே?”

“நல்லாப் பாருங்க டாக்டர். மூளை இருக்கு. மேல மூணு ஜவ்வும் இருக்கு. அடுப்பு தண்ணிக்குள்ள கிடக்கு; இப்படித்தாங்க வறுக்க முடிஞ்சுது.”

எதையும் இருக்கிறது என்று கையெழுத்துப் போடக்கூடியவர்தான் டாக்டர் அற்புதசாமி. அன்று வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.