பெரியவரைத் தொடாதே

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே மூன்றாம் மாடி வராந்தாவில் கூட்டம் சேர்ந்துவிடும். கழுத்தில் அடையாள அட்டை, மார்போடு அணைத்த லேப்டாப், முகத்தில் பயபக்தி. பக்கத்துக் கட்டடத்து நிறுவனங்களிலிருந்தும் வருவார்கள். எல்லாரும் பொறியியல் படித்தவர்கள். இரண்டு பேர் முனைவர்கள். லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் கழுத்துகள் ஒன்றாகத் திரும்பும். அமைதியார் வருகிறாரா என்று பார்க்கத்தான்.

அமைதியாருக்குத் தொழில், கோபத்தில் இருக்கும் மென்பொருளை அமைதிப்படுத்துவது. விசிட்டிங் கார்டில் ‘ஆலோசகர்’ என்று போட்டிருந்தது. அவர் ஒரு வரி நிரல் எழுதி யாரும் பார்த்ததில்லை. அது அவருடைய பெருமைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

அந்த மூன்றாம் மாடி நிறுவனத்தின் வேலை சாதாரணமானதல்ல. யாராவது ஆபத்தென்று போன் செய்தால் எந்த ஆம்புலன்ஸை அனுப்புவது என்று முடிவு செய்யும் புரோகிராம் அவர்களுடையது. அதற்குள் ஒரு ஃபைல் இருந்தது. ஒன்பதாயிரம் வரி. எழுதியவர் எட்டு வருடம் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். போகுமுன் ஃபைலின் தலையில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: “இதைத் தொடாதே. ஏன் என்று எனக்கும் தெரியாது.” முதல் வாக்கியத்தை எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள். இரண்டாவது வாக்கியம் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த ஃபைலுக்குப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்தார்கள். “பெரியவர் இன்னிக்கு எப்படி இருக்கார்?” என்று குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்.

புரோகிராமின் புது வடிவத்தை வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அமைதியார் கண்ணாடி அறைக்குள் போவார். பெரியவர் குடியிருப்பதாக எல்லாரும் நம்பிய, மூலையில் இருந்த சாம்பல் நிற இரும்புப் பெட்டியில் கை வைத்துக் கண்ணை மூடுவார். “சூடு தெரியுது. மூணாவது பகுதியில வருத்தம் இருக்கு. இந்த வாரம் கிட்டப் போகாதீங்க” என்பார். வெளியீடு நன்றாகப் போனால் அமைதியார் கைராசி. சொதப்பினால் யாரோ தொட்டுவிட்டார்கள். இரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் நீங்களும் நானும்கூடத் தவற மாட்டோம்.

பெரியவரைத் தொடக் கூடாது என்றால் வேலை எப்படி நடக்கும்? சுற்றிப் போவார்கள். ஏற்கெனவே எழுதியிருந்த எதையும் திருத்தப் பயம். அதனால் ஒரு கணக்கு வேண்டுமென்றால் பழையதை நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். எந்த வண்டி ஓய்வாக இருக்கிறது என்று பார்க்கும் கணக்கு ஒன்றே பதினோரு இடத்தில் இருந்தது. இதற்குப் ‘பாதுகாப்பான முறை’ என்று பெயர்.

வரவேற்பு மேசையில் ஓர் அக்கா இருந்தார். ஒரு மதியம் அவர் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். மகள் போன் செய்தாள். இரண்டு தெரு தள்ளி ஓர் ஆம்புலன்ஸ் சும்மா நின்றுகொண்டிருந்தது. வந்ததோ ஊரின் மறுகோடியிலிருந்து, நாற்பது நிமிடம் கழித்து. உயிர் தங்கியது. இடது கையும் காலும் போயின.

மேலாளர் கலங்கிப்போனார். நல்ல மனுஷர்தான். அமைதியாரைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தவர் பெட்டியில் வழக்கத்தைவிட அதிக நேரம் கை வைத்திருந்தார்.

“யாரோ தப்பான எண்ணத்தோட அவரைத் திறந்து பார்த்திருக்காங்க.”

திறந்து பார்த்தது உண்மை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான ஒரு பெண் பார்த்திருந்தாள். எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்பதால் அவளுக்கு ‘ஏனம்மா’ என்று பட்டப்பெயர். மேலாளர் அவளை அறைக்கு அழைத்தார்.

“அதை எதுக்கும்மா திறந்தே?”

“படிக்கத்தான் சார்.”

“ஃபைலை எதுக்குப் படிக்கணும்?”

“பத்து நாள் குடுங்க சார். புரோகிராமோட நகல்ல மட்டும் வேலை செய்யறேன். ஓடிட்டிருக்கறதைத் தொட மாட்டேன்” என்றாள்.

அவள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இந்தத் தெருவிலிருந்து அழைப்பு வந்தால், இந்த வண்டிகள் இங்கே நின்றால், எது போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். மொத்தம் இருநூறு சோதனை. ஓட்டிப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது சரி. தவறிய ஒன்று அக்கா வீட்டுத் தெரு.

பிறகு நகலிலிருந்து பெரியவரைத் தூக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். அதே நூற்றுத் தொண்ணூற்றொன்பது சரி, அதே ஒன்று தவறு. பெரியவர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவர் செய்த வேலையை எட்டு வருடம் முன்பே வேறொரு ஃபைலுக்கு மாற்றிவிட்டார்கள். அவரை யாரும் கூப்பிடுவதே இல்லை.

நிஜமான பிழை பதினோரு நகல்களில் ஒன்றில் இருந்தது. வேலை முடிந்த வண்டியை இன்னும் ஓடுவதாகவே அது நினைத்துக்கொண்டிருந்தது. மற்ற பத்தில் யாரோ என்றைக்கோ துணிந்து திருத்தியிருந்தார்கள். பதினொன்றாவது இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அவள் பதினொன்றையும் அழித்து ஒரே கணக்காக எழுதினாள். படித்தாலே புரிகிற பெயர் வைத்தாள். இருநூறும் சரியாக வந்தன.

மேலாளர் திரையை நாலு தடவை பார்த்தார். “திருத்தத்தைப் போட்டுடலாம். பெரியவர் மட்டும் ஒரு ஓரமா இருக்கட்டுமே?”

“ஏன் சார்?”

மேலாளர் அனுமதிப் படிவத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். “யார்கிட்டயும் சொல்லாதே” என்றார். அன்றைக்கே திருத்தம் உள்ளே போனது, பெரியவர் வெளியே போனார். அழைப்புகள் வந்தன, வண்டிகள் போயின. வானம் இடிந்து விழவில்லை.

அமைதியார் அடுத்தடுத்து மூன்று வியாழன் வந்தார். மூன்று முறையும் சூட்டை உணர்ந்தார். நாலாவது வியாழன், வராந்தா நிறையக் கூட்டம் இருக்கும்போது ஏனம்மா கேட்டாள்.

“ஐயா, பெரியவர் எப்படி இருக்கார்?”

“கோபம் தணிஞ்சிருக்கு. ஆனா நாலாவது பகுதியில லேசா வலி இருக்கு.”

“அவரை எடுத்து மூணு வாரம் ஆச்சு ஐயா.” அவள் சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினாள். ஃபைல்களின் பட்டியலில் பெரியவர் இல்லை.

வராந்தாவில் முணுமுணுப்பு கிளம்பியது. அமைதியார் அசரவில்லை.

“உருவம்தான் போயிருக்கு. இருப்பு இங்கேதான் இருக்கு. பெட்டியில கை வெச்சா நீங்களே உணரலாம்.”

முனைவர்களில் ஒருவர் தலையாட்டினார். இரண்டு பேர் உள்ளே போய்க் கை வைத்துப் பார்த்தார்கள். “ஆமா, சூடாத்தான் இருக்கு” என்றார் ஒருவர் பரவசமாக.

வரவேற்பு மேசையிலிருந்து அக்கா எழுந்து வந்தார்.

“சூடாத்தான் இருக்கும். அது ஏசியோட ஸ்டெபிலைசர். மூணு வருஷம் முன்னாடி நான்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாட்ட வெச்சேன். கம்ப்யூட்டரை எல்லாம் அதுக்கு முந்தின வருஷமே வேற ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க. ரசீதுல கையெழுத்துப் போட்டதும் நான்தான்.”

அமைதியார் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறிடத்தில் அவசர வேலை இருப்பது நினைவுக்கு வந்தது. லிஃப்டுக்குக் காத்திராமல் படியிலேயே இறங்கிப் போனார்.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா?” என்றார் மேலாளர்.

“யாரும் என்னைக் கேட்கல சார். இத்தனை பேர் பயந்து நிக்கறாங்களே, நமக்குப் புரியாதது ஏதோ இருக்கும்னு நினைச்சேன்.” அவர் ஏனம்மாவின் பக்கம் திரும்பினார். “அந்த ஃபைலைப் படிச்சு முடிக்க எத்தனை நாள் ஆச்சும்மா?”

“நாலு நாள் அக்கா.”

அக்கா வராந்தாப் பக்கம் திரும்பினார். வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பலர் லேப்டாப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

“எட்டு வருஷமா அதுக்குப் பயந்து நின்னிருக்கீங்க. என் வீட்டுக்காரருக்கு இன்னிக்கும் நான்தான் சட்டைப் பொத்தான் போட்டு விடறேன். நீங்க எல்லாரும் படிச்சவங்கதானே? ஒருத்தருக்குக்கூடவா அதைப் படிச்சுப் பார்க்கணும்னு தோணல?”