மேற்படி பெட்டியில் படம் தெரிகிறது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் நலமும், தங்களோடு வசிக்கும் அத்தையின் நலமும் அவ்வாறே என, மாறான தகவல் வரும்வரை, கொள்கிறேன்.

என் சேகரிப்பில் நான்காவதாக வந்த தொலைக்காட்சிப் பெட்டி குறித்து எனக்கும் தங்கள் அக்காளுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் தாங்கள் சாட்சி. ஆகவே இதை எழுதுகிறேன். எழுபது ஆண்டுப் பழைமை, தேக்கு மரம், சாய்ந்த நான்கு கால்கள், மூலை உருண்ட கண்ணாடி. இதைப் போல் உலகில் இன்னும் ஆறுதான் உண்டு என்றார் விற்றவர். சான்று கேட்டேன், சிரித்தார். "மாத முடிவுக்குள் மேற்படி பெட்டியில் படம் தெரிய வேண்டும், தவறினால் பழைய சாமான் வண்டியில் ஏற்றப்படும்" என்பது நிபந்தனை. வாசகம் என்னுடையது என்பதைக் கவனிக்க.

மெக்கானிக் மூன்று முறை வந்தார், முதல் முறை வால்வு போய்விட்டது என்றார், இரண்டாம் முறை அந்த வால்வைச் செய்தவர்களே போய்விட்டார்கள் என்றார், மூன்றாம் முறை பின்பலகையைக் கழற்றி ஒரு பல்லியை வெளியேற்றிவிட்டு, "சார், இதுல முகம் தெரியணும்னா நாமதான் எதிர்ல நின்னு பாத்துக்கணும்"னு சொல்லிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பையில போட்டுட்டார், கடைசி நாள் காலையில உங்க அக்கா பழைய சாமான் வண்டிக்குப் போனைப் போட்டு, "நாலு காலும் பத்திரமா இருக்கு, வந்து தூக்கிட்டுப் போங்க"ன்னு சொல்ல, வண்டிக்காரரும் வந்து மணியடிச்சுட்டார், அப்பத்தான் எனக்கு வாசகம் ஞாபகம் வந்தது.

படம் தெரிய வேண்டும். எந்தப் படம் என்று எங்கும் இல்லை.

முன்கண்ணாடிக்கும் படக்குழாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி உண்டு. அலமாரியிலிருந்த அத்தையின் புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து உருவி அதில் இறக்கினேன். கறுப்பு வெள்ளை, அளவெடுத்தது போல் பொருந்தியது.

"படம் தெரியுதா?" என்றேன்.

"தெரியுது," என்றார் தங்கள் அக்காள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரொம்பத் தெளிவா தெரியுதும்மா," என்றார் வண்டிக்காரர். அவர் என் தரப்புச் சாட்சி ஆகிவிட்டார்.

பெற்ற தாயை எந்த மகள் பழைய சாமான் வண்டியில் ஏற்றுவார்? வண்டி காலியாகத் திரும்பியது.

தங்கள் இல்லத்து இளையோருக்கு ஆசியும் மூத்தோருக்கு வணக்கமும். உரியதை உரியவர் எடுத்துக்கொள்க.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற தரப்பு

பி.கு.: உறையிலிடும் முன், ஒப்பந்தத்தின் மறுபக்கத்தைத் தங்கள் அக்காள் காட்டினார்: "ஒலியும் கேட்க வேண்டும்." அதற்கும் அவரே போன் செய்து ஏற்பாடு செய்துவிட்டார். அத்தை இன்று காலை பெட்டி படுக்கையுடன் வந்திறங்கினார். தாங்களே மலர்ந்த முகத்தோடு வழியனுப்பினீர்களாம். "உயிரோட இருக்கும்போதே என்னைப் படமா வெச்சுட்டீங்களே மாப்பிள்ளை" என்று தொடங்கினார். இதுவரை ஒலியில் தடங்கல் இல்லை. தன் படம் இருக்கும் இடத்தில்தான் தானும் இருப்பாராம். எனவே மேற்படி பெட்டியை, படமும் ஒலியும் சேர்த்து, தாங்களே ஏற்றுக்கொள்ளக் கோருகிறேன். வண்டிக்காரரைத் திரும்ப அழைத்துவிட்டேன், வாசலில்தான் நிற்கிறார்.